இழுக்காத பவர் ஸ்பிரேயர்: ஸ்குரூவைத் திருகும் முன் இவற்றைப் பாருங்கள்

மாமரத்தில் பூங்கொத்து தலைகாட்டியாயிற்று. கொத்துக்குள் தத்துப்பூச்சியும் வந்து உட்கார்ந்துவிட்டது. மருந்து கலந்து, பவர் ஸ்பிரேயரை முதுகில் ஏற்றிக் கிளம்புகிறீர்கள். நான்கு மரம் அடிப்பதற்குள் இன்ஜின் திணறுகிறது. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் அணைந்துவிடுகிறது. கூட்டினால் ஓசை வருகிறது, காற்றில் வேகம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் திருப்புளியை எடுத்து கார்புரேட்டர் ஸ்குரூவை ஒரு திருகு திருகுகிறார். இன்ஜின் சீறிக்கொண்டு ஓடுகிறது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பத்து நிமிடத்தில் 'கிரீச்' என்று நின்று, கயிறு இழுக்கவே வராமல் பிடித்துக்கொள்கிறது.

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கம் மாந்தோப்பு, நிலக்கடலை, கரும்பு, காய்கறி வைத்திருப்பவர்களில் பலரிடம் இன்று பெட்ரோலில் ஓடும் தெளிப்பானோ, புல் வெட்டும் பிரஷ் கட்டரோ இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இரு வீச்சு இன்ஜின்கள். நம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், பழவேற்காடு போன்ற மீனவ ஊர்களில் படகின் பின்புறம் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கும் உங்கள் ஸ்பிரேயருக்கும் அடிப்படை ஒன்றுதான். அங்கே தண்ணீர் குளிர்விக்கிறது, இங்கே காற்று குளிர்விக்கிறது. நோயும் ஒன்று, வைத்தியமும் ஏறக்குறைய ஒன்று.

இன்ஜின் வலுவிழந்தால் நேரம் மட்டும் வீணாவதில்லை. காற்றின் வேகம் குறைந்தால் மருந்து பனிபோல் சிதறாது. துளி பெரிதாகி இலையில் தங்காமல் தரையில் சொட்டும். உயரக் கிளையை எட்டாது. மருந்துச் செலவு அதேதான், பூச்சி மட்டும் சாகாது. 'மருந்து சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இன்ஜினைப் பாருங்கள்.

பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்

டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கதை. டிராக்டர், பைக் போல இந்த இன்ஜினுக்கு அடியில் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு தருகிறது. ஆகவே பெட்ரோல் வரத்து குறைந்தால் இரண்டு கெடுதல் சேர்ந்து நடக்கிறது. கலவையில் காற்று கூடி இன்ஜின் அதிகம் சூடாகிறது. அந்த நேரத்தில் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'சீஸ்' என்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்தது இதுதான். ஸ்குரூவை இறுக்கி பெட்ரோலைக் குறைத்தார். கொஞ்ச நேரம் வேகம் கூடியது போலத் தெரிந்தது. பிறகு பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றுக்கும் செலவு வந்து சேர்ந்தது. எனவே கார்புரேட்டர் ஸ்குரூ என்பது முதலில் தொடும் இடமல்ல, கடைசியில் தொடும் இடம். அதற்கு முன் காசில்லாமல் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன.

முதலில் இன்ஜினிடம் கேளுங்கள்

எப்போது கோளாறு வருகிறது என்று கவனியுங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

குறைந்த வேகத்தில் நிற்காமல் அணைகிறது, கூட்டினால் நன்றாக ஓடுகிறது என்றால், கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான சிறு துளை அடைத்திருக்கலாம். ஊசி முனை அளவுள்ள அந்தத் துளைதான் முதலில் அடைபடும்.

குறைந்த வேகத்தில் சரியாக நிற்கிறது, கூட்டினால் திணறுகிறது என்றால், பெட்ரோல் போதிய அளவு வரவில்லை அல்லது புகை வெளியேற வழியில்லை.

சோக்கைப் பாதி மூடிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. சோக் போட்டதும் ஓட்டம் சீரானால் பெட்ரோல் வரத்து குறைவு அல்லது எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். சோக் போட்டதும் இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. சோக் போட்டால்தான் ஓடுகிறது என்று அப்படியே வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

பெட்ரோல், ஆயில் கலவை

கேட்டவுடன் பலர் சொல்வது, 'ஒரு மூடி ஆயில் ஊற்றுவேன்' என்பதுதான். எந்த மூடி, எத்தனை மில்லி என்பதுதான் கேள்வி. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் அல்லது டேங்க் மூடி அருகே ஒட்டிய தாளில் விகிதம் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு:

25க்கு 1 என்றால் 40 மில்லி
30க்கு 1 என்றால் 33 மில்லி
40க்கு 1 என்றால் 25 மில்லி
50க்கு 1 என்றால் 20 மில்லி

மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்தால் சீஸ் ஆகும். 'கூட ஊற்றினால் நல்லது' என்பதும் தவறு. பிளக்கும் சைலன்சரும் கரி பிடித்து, இழுவை குறையும்.

டூ ஸ்ட்ரோக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பைக்கிற்கு ஊற்றும் ஆயில், டிராக்டரில் வடித்த பழைய ஆயில் இரண்டும் கூடாது. படகு மோட்டார் ஆயிலும் இதற்கு ஏற்றதல்ல. அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்குத் தயாரானது. காற்றால் குளிரும் இன்ஜின் அதைவிட அதிகச் சூட்டில் ஓடுகிறது. டப்பாவில் 'ஜேசோ எஃப்.டி.' என்ற தரக்குறி இருந்தால் நல்லது.

தனிக் கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கி, வடிகட்டி ஊற்றுங்கள். டேங்கில் முதலில் பெட்ரோல், பிறகு மேலே ஆயில் என்று ஊற்றினால் அது சரியாகக் கலக்காது.

இன்னொரு செய்தி. பங்க்குகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து இன்ஜினுக்குப் போவது ஆயிலில்லாத அந்தப் படிவுதான். பழைய ரப்பர் குழாய்களும் கார்புரேட்டருக்குள் உள்ள டயாபிரமும் எத்தனாலில் கெட்டுப்போகும். பல சிறு இன்ஜின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. உங்கள் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதுவானாலும், அன்றாட வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, போன மாதக் கலவையைத் தவிர்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

டேங்க் மூடி, ஃபில்டர், குழாய்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஐந்து, பத்து நிமிடத்தில் அணைகிறதா? டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே இன்ஜின் கிளம்பினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மருந்துத் தூளும் மண்ணும் சேர்ந்து அதை மூடிவிடும். சோப்பு நீரில் கழுவி, ஊதி, காயவைத்து மாட்டினால் போதும். இதற்காக கார்புரேட்டரைக் கழற்றி, செலவு செய்து வந்தவர்கள் உண்டு.

அடுத்து, பெட்ரோல் ஃபில்டர். பிரஷ் கட்டரில் டேங்குக்குள் குழாய் முனையில் ஒரு சிறு ஃபில்டர் தொங்கும். கம்பியை வளைத்து வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரேயரில் பெட்ரோல் திறக்கும் காக் அருகே சல்லடை இருக்கும். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பெட்ரோலோடு காற்றும் உள்ளே போகும்.

காற்று உள்ளே, புகை வெளியே

ஏர் ஃபில்டரைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டத்திலும் காய்ந்த புல் வெட்டும்போதும் ஒரே நாளில் அடைத்துவிடும். ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்பு நீரில் கழுவிப் பிழிந்து, முழுக்கக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் விட்டு, பிழிந்து மாட்டுங்கள். தாள் ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டி தூசியை உதற வேண்டும். 'ஃபில்டர் இல்லாமல் நன்றாக இழுக்கிறது' என்று கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். மண்துகள் உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். ஒரு பருவத்தில் இன்ஜின் கிழடாகிவிடும்.

வெளியேறும் வழியும் முக்கியம். சைலன்சர் வாயில் உள்ள சிறு கம்பி வலையில் கரி படிந்தால், இன்ஜின் கிளம்பும், குறைந்த வேகத்தில் நிற்கும், ஆனால் இழுக்காது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வலையைக் கழற்றி, கம்பி பிரஷால் தேயுங்கள். சைலன்சரைக் கழற்றினால் சிலிண்டரில் புகை வரும் துளை தெரியும். அங்கும் கரி இருந்தால், கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டன் அந்தத் துளையை மூடும்படி நிறுத்தி, மரக்குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம், பிஸ்டனில் கோடு விழும்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே இலைத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருந்தால் இன்ஜின் வெப்பம் வெளியேறாது. ஸ்பிரேயரில் காற்று இழுக்கும் வலையில் காய்ந்த இலை ஒட்டியிருந்தாலும், இன்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே காற்று வேகம் குறையும். இன்ஜினைக் குறை சொல்லும் முன் அந்த வலையைத் தட்டிவிடுங்கள்.

பிளக் சொல்லும் சேதி

சற்று நேரம் வேலை செய்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுப்பாக, ஈரமாக இருந்தால் பெட்ரோல் அல்லது ஆயில் அதிகம், ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக, சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் பெட்ரோல் வரத்து குறைவு அல்லது காற்றுக் கசிவு. வெள்ளைப் பிளக்கைப் பார்த்தால் இன்ஜினை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். சீஸ் ஆவதற்கு முன் அது தரும் கடைசி எச்சரிக்கை அது.

பிளக் முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். புதிய பிளக் வாங்கும்போது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நீளம் ஒன்றாக இருந்தாலும் சூடு தாங்கும் திறன் வேறாக இருக்கலாம். பிளக் மூடி தளர்ந்திருந்தாலும், சுவிட்ச் ஒயர் உரசி இரும்பில் பட்டாலும் இன்ஜின் விட்டு விட்டு ஓடும்.

இருபது நிமிடம் ஓடி அணைகிறது, டேங்க் மூடியைத் திறந்தாலும் கிளம்பவில்லை, ஆறினால்தான் கிளம்புகிறது என்றால், காயில் சூட்டில் மடங்குகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போதே பொறி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கயிற்றில் தெரியும் வலு

சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுத்து, பிறகு விட வேண்டும். தடையே இல்லாமல் வழவழவென்று வந்தால் ரிங், பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். சைலன்சரைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் மேலும் கீழுமாக ஆழமான கீறல்கள் தெரிந்தால், இனி ஸ்குரூவைத் திருகிப் பயனில்லை. உள்ளே வேலை இருக்கிறது. அதோடு, கீறல் வந்த காரணத்தையும் மெக்கானிக் கண்டுபிடிக்க வேண்டும். பிஸ்டனை மட்டும் மாற்றிக் கொடுத்தால், அதே காரணத்தால் புதியதும் போகும்.

இப்போது கார்புரேட்டர்

இவை எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால்தான் கார்புரேட்டருக்கு வர வேண்டும். ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். பல ஸ்பிரேயர்களில் ஃப்ளோட் இருக்கும். பெட்ரோல் வழிந்தால் அதன் ஊசியில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ் கட்டரில் மெல்லிய டயாபிரம் இருக்கும். அது விறைத்து, சுருங்கியிருந்தால் புதிது போடுங்கள்.

வேகத்தைச் சரிசெய்வது கடைசி வேலை. ஏர் ஃபில்டரை மாட்டி, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குறைந்த வேக ஸ்குரூவைத் தொடும் முன், அதை மெல்ல முழுவதும் மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து சிறிது சிறிதாகத் திருகுங்கள். இன்ஜின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ, அங்கிருந்து பெட்ரோல் கூடும் பக்கம் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு விடுங்கள். அதன்பின் ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். சட்டென்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறாமல் ஏற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஸ்குரூவும் ஒரே வேலை செய்வதில்லை. சிலவற்றில் மூடினால் பெட்ரோல் குறையும். சிலவற்றில் மூடினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். எது என்று தெரியாமல் திருகக் கூடாது. முழு வேகத்துக்கான ஸ்குரூவை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தவறினால் நேராக சீஸ்தான்.

பிரஷ் கட்டரில் ஆக்சிலேட்டரை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும். அணையாமல் இருக்கட்டும் என்று ஐட்லிங்கைக் கூட்டி வைத்தால், பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். காலில் பட்டால் விபரீதம்.

தானாக வேகம் ஏறினால்

ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்காமல் இன்ஜின் கத்துகிறதா? கம்பி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டிலோ, ஆயில் சீலிலோ காற்று கசிகிறது. போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். கசிவைக் கண்டுபிடிக்க பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். சுவிட்சில் நிற்காவிட்டால் சோக்கை முழுவதும் மூடினால் நின்றுவிடும். ஆயில் சீல் மாற்றாமல் இந்த இன்ஜினை ஓட்டாதீர்கள்.

பருவம் முடிந்ததும்

அறுவடை முடிந்து மூலையில் வைக்கும் நாளில் செய்யும் வேலைதான் அடுத்த பருவத்தைக் காப்பாற்றும். டேங்கைக் காலி செய்யுங்கள். இன்ஜினைக் கிளப்பி, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, அரை ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, இரண்டு மூன்று முறை கயிறு இழுத்து, பிளக்கை மாட்டி வையுங்கள். மருந்து டேங்கையும் குழாயையும் மூன்று முறை கழுவுங்கள். கழுவிய நீரைக் கிணறு, ஏரிப் பக்கம் விடாதீர்கள்.

பழுது பார்க்கும் முன்பும் இயந்திரத்தை வெளியே கழுவித் துடைத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருந்துப் படிவு தோல் வழியாக உடம்புக்குள் போகும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. மூடிய அறையில் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கவும் கூடாது, அந்தப் புகை உயிரைப் பறிக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்து பரிந்துரைக்கும் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, விவசாயிகளின் ஸ்பிரேயர்களைக் கொண்டுவரச் சொல்லி, டேங்க் மூடி, ஏர் ஃபில்டர், பிளக் மூன்றையும் அவர்கள் கையாலேயே கழற்ற வையுங்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் கருவிப் பராமரிப்புப் பயிற்சி குறித்துக் கேட்கலாம்.

வீட்டில் ஒட்டிவைக்க

புதுக் கலவை, அளந்த ஆயில். டேங்க் மூடித் துளை. பெட்ரோல் ஃபில்டர், குழாய். ஏர் ஃபில்டர். சைலன்சர் வலை, சிலிண்டர் தகடுகள். பிளக்கின் நிறம். கயிற்றின் தடை. இவை ஏழும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர். இந்த வரிசையை ஸ்பிரேயர் வைக்கும் சுவரில் எழுதிவையுங்கள். அடுத்த முறை இன்ஜின் திணறும்போது, கை திருப்புளிக்குப் போகும் முன் கண் அந்தச் சுவருக்குப் போகட்டும்.